புதன்கிழமை முடிவுக்காகக் காத்திருக்காதே

கோயம்புத்தூர்
28.9.2025

அன்புள்ள அம்மணிக்கு,

அத்தை எழுதுவது.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் குரலில் இருந்த பதற்றம் என்னைத் தூங்கவிடவில்லை. இறக்குமதியாகும் பிராண்டட், காப்புரிமை மருந்துகளுக்கு நூறு சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்ததும் சென்செக்ஸ் எழுநூறு புள்ளிக்கு மேல் சரிந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான் எச்-1பி விசாவுக்கு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்தது. ஆகஸ்டு 27-லிருந்து உங்கள் திருப்பூர் சரக்குக்கு 50 சதவீத வரி. "எல்லாத்தையும் வித்துட்டு எஃப்.டி.யில போட்டுரட்டுமா அத்தை? இல்ல தங்கம் வாங்கிரட்டுமா? புதன்கிழமை ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சா மார்க்கெட் திரும்ப ஏறுமா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மனதில் நிற்காது என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

எல்லாவற்றையும் விற்காதே. ஆனால் உன் பணத்தில் ஒரு பகுதி இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது, அதை இந்த மாதமே எடுத்தாக வேண்டும். அதற்கும் புதன்கிழமைக்கும் சம்பந்தம் கிடையாது.

செய்தியை முன்கூட்டியே கணித்துவிட்டால் பணம் தப்பிக்கும் என்று நீ நினைக்கிறாய். வங்கியின் டிரெஷரியில், கடன்பத்திரம் வாங்கி விற்பவர்களின் நடுவில் வேலை பார்த்தவள் நான். சரியாகக் கணித்தவர்களும் அங்கே நஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். போன வருஷ நாடாளுமன்றத் தேர்தலையே எடுத்துக்கொள். மோடிதான் மறுபடி பிரதமர் என்று கருத்துக்கணிப்புகள் சொன்னதும் 2024 ஜூன் 3-ஆம் தேதி சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறி 76,468-ல் முடிந்தது. அடுத்த நாள் வாக்கு எண்ணிக்கை. அவர்தான் பிரதமர் ஆனார். ஆனால் பா.ஜ.க.வுக்கு 240 இடம்தான், தனிப் பெரும்பான்மை இல்லை. அன்று ஒரே நாளில் 4,390 புள்ளி போய்விட்டது. கணிப்பு பலித்தும், முதல் நாள் வாங்கியவன் பணத்தில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் காணாமல் போனது. கதை அங்கேயும் முடியவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூன் 7-ஆம் தேதி, சென்செக்ஸ் 76,693-ல் முடிந்து புது உச்சம் தொட்டது. நாலாம் தேதி மதியம் பயந்து விற்றவர்களுக்கு, திரும்ப எப்போது நுழைவது என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது.

2004-லும் இதேதான், இன்னும் கடுமையாக. வாஜ்பாய் அரசு தோற்கும் என்று சந்தையில் பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. அது தோற்றதும், இடதுசாரிகளின் தயவில் அமையும் ஆட்சி அரசு நிறுவனப் பங்கு விற்பனையை நிறுத்திவிடும் என்று பயம் கிளம்பியது. மே 17-ஆம் தேதி சென்செக்ஸ் 11 சதவீதம் விழுந்து 4,505-க்கு வந்தது. வர்த்தகத்தை இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. அன்று பயந்தது நடக்கவும் செய்தது: இடதுசாரிகள் ஆதரவில்தான் ஆட்சி அமைந்தது, அந்த ஆதரவு நாலு வருஷம் நீடித்தது. அதே நாலு வருஷத்துக்குள், 2008 ஜனவரியில், சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ பிடிச்சுக்கிட்டே இருந்தா எப்பவும் ஏறிரும்" என்று முடிவு கட்டிவிடாதே. நல்ல பாதியை மட்டும் சொல்வது உனக்கு நான் செய்யும் துரோகம். அந்த 21,000, அதே வருஷம் அக்டோபரில் எட்டாயிரத்துக்குக் கீழே போனது. போட்ட பணத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் காகிதத்தில் அழிந்தது. 2010 நவம்பரில் ஒரு தடவை பழைய உயரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப இறங்கியது. அதை உறுதியாகக் கடக்க 2013 கடைசி ஆகிவிட்டது. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவன் ஆறு வருஷம் காத்திருந்தான். ஆகையால் பங்குச் சந்தையில் பணத்தை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் எனக்கு எந்தத் தேதியில் வேண்டும்?

அந்தக் கேள்வியை வைத்து உன் கணக்கைப் பார்த்தேன். அடுத்த ஆவணியில் மனைக்குக் கிரயம் பண்ண 12 லட்சம் வேண்டும் என்கிறாய். அதில் 7 லட்சம் ஸ்மால்கேப் ஃபண்டில் கிடக்கிறது, மீதி 5 லட்சம் நீண்டகால கில்ட் ஃபண்டில். பதினொரு மாதத்தில் வேண்டிய பணத்துக்கு இரண்டுமே தப்பான இடம். ஸ்மால்கேப் என்பது சின்னக் கம்பெனிகளின் பங்கு, அது ஏன் தப்பு என்று உனக்கே தெரியும். கில்ட் ஃபண்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அரசாங்கப் பத்திரம்தானே, அதுவும் வட்டி குறையுற நேரம், அது எப்படி நஷ்டமாகும்?" என்று கேட்டிருந்தாய்.

அரசு கடனைத் திருப்பிக் கொடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் அந்தப் பத்திரத்தின் விலை ஏறி இறங்கும். சந்தையில் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். எவ்வளவு என்பதைப் பத்திரத்தின் ஆயுள் தீர்மானிக்கும். உன் ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் 'மாடிஃபைடு டியூரேஷன்' என்று ஒரு எண் இருக்கும். அது 10 என்றால், சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது உன் பணம் சுமார் பத்து சதவீதம் இறங்கும். அரை சதவீதம் ஏறினால் ஐந்து.

இப்போது இந்த வருஷம் நடந்ததைப் பார். ரிசர்வ் வங்கி பிப்ரவரியில் கால் சதவீதம், ஏப்ரலில் கால், ஜூன் 6-ஆம் தேதி அரை சதவீதம் என்று ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.5-க்குக் கொண்டுவந்தது. ஜூனில் பெரும்பாலோர் எதிர்பார்த்தது கால் சதவீதம்தான், கிடைத்தது அதைப் போல் இரண்டு மடங்கு. கில்ட் ஃபண்டு பறந்திருக்க வேண்டும் அல்லவா? பறக்கவில்லை. அதே அறிக்கையில் ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை 'நடுநிலை' என்று மாற்றிக்கொண்டது. இனிமேல் பெரிய குறைப்புக்கு இடமில்லை என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. பிறகு ஜி.எஸ்.டி. குறைப்பு பற்றிய அறிவிப்பு வந்ததும், வருமானம் குறைந்து அரசு அதிகக் கடன் வாங்குமோ என்ற கவலை சேர்ந்துகொண்டது. 6.3 சதவீதத்துக்குக் கீழே இருந்த பத்து வருஷப் பத்திரத்தின் வட்டி, ஆகஸ்டு கடைசியில் 6.6 வரை ஏறிவிட்டது. ரிசர்வ் வங்கி தீர்மானிப்பது ஒரு ராத்திரிக்கான வட்டியை. உன் ஃபண்டில் இருக்கும் முப்பது, நாற்பது வருஷப் பத்திரத்தின் வட்டியைத் தீர்மானிப்பது பணவீக்கத்தைப் பற்றியும் அரசின் கடனைப் பற்றியும் ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்கும் நம்பிக்கை. புதன்கிழமை என்ன முடிவு வந்தாலும் உன் ஃபண்டு எந்தப் பக்கம் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதே.

ஆகவே அந்த 12 லட்சத்தை வெளியே எடு. ஆடிக் கடைசியில் முதிர்கிற மாதிரி மூன்று வங்கிகளில் எஃப்.டி. போடு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் காப்பீடு, அதனால்தான் மூன்று. வட்டி குறைவு என்று முகம் சுளிக்காதே. கிரயத் தேதியில் 12 லட்சம் முழுசாகக் கையில் இருப்பதுதான் இந்தப் பணத்துக்கு லாபம். வரியை நினைத்துத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒரு வருஷம் தாண்டிய ஸ்மால்கேப் யூனிட்டுகளில் 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். உன் லாபம் இரண்டு லட்சம் என்று வைத்தால் வரி பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். அதை மிச்சம் பிடிக்க, புது நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் வரை காத்திருந்து, நடுவில் 7 லட்சம் 5 லட்சமாகிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வாய்?

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. உன் சம்பளம் திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பனியனிலிருந்து வருகிறது. மாப்பிள்ளை சம்பளம் அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் சாஃப்ட்வேரிலிருந்து வருகிறது. நீங்கள் தனியாக வாங்கி வைத்திருப்பது என்ன? இரண்டு டெக்ஸ்டைல் பங்கு, ஒரு ஐ.டி. செக்டர் ஃபண்டு. "நமக்குத் தெரிஞ்ச தொழில்" என்று வாங்கினீர்கள், அந்த எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாஷிங்டனில் ஒரு மனிதர் ஒரு கையெழுத்துப் போட்டால் உங்கள் இரண்டு பேர் வேலையும், சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் காணும்படி அமைந்துவிட்டது. ஷிப்டு குறைந்துவிட்டது, ஆர்டரைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்று நீயே சொன்னாய். சந்தை விழுவதும் சம்பளம் நிற்பதும் தனித்தனியாக வருவதில்லை. 2020 மார்ச் 23-ஆம் தேதி சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து 25,981-ல் முடிந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு அறிவித்தார்கள். கையில் ரொக்கம் இல்லாதவர்கள் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்த விலையில் விற்றார்கள். பத்து மாதத்தில் அதே சென்செக்ஸ் 50,000-ஐத் தாண்டியபோது அவர்களிடம் யூனிட்டுகள் இல்லை.

ஆறு மாதச் செலவை ஒதுக்கி வை என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு அது போதாது. ஒரு வருஷச் செலவு வேண்டும். மாதம் 60,000 என்றால் 7.2 லட்சம். டெக்ஸ்டைல் பங்குகளையும் ஐ.டி. ஃபண்டையும் விற்று இதற்கு ஆரம்பம் போடு. நஷ்டத்தில் விற்க மனம் வராது, தெரியும். வாங்கின விலைக்கு வரட்டும் என்று காத்திருக்காதே, நீ என்ன விலைக்கு வாங்கினாய் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது. விற்ற பணத்தில் பாதியை வங்கியிலும் பாதியை லிக்விட் ஃபண்டிலும் வை. மீதித் தொகையைத் தீபாவளி போனஸ் வந்தால் அதிலிருந்து நிரப்பு.

பாப்பா படிப்புக்குப் போடும் 15,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யைத் தொடாதே. அவளுக்கு இப்போது நாலு வயது. கல்லூரிக்குப் பதினான்கு வருஷம் இருக்கிறது. போன அக்டோபரிலிருந்து இந்த பிப்ரவரி வரை நிஃப்டி தொடர்ந்து ஐந்து மாதம் இறங்கியது, 1996-க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. அந்த ஐந்து மாதமும் நீ நிறுத்தாமல் கட்டியிருக்கிறாய், அது எனக்குப் பெருமை. அப்போது குறைந்த விலையில் சேர்ந்த யூனிட்டுகள்தான் அவள் பதினெட்டு வயதில் உனக்குக் கை கொடுக்கும். அவள் பதினைந்தைத் தொட்டதிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எஃப்.டி.க்கு மாற்ற வேண்டும், அதை இப்போதே எழுதி வைத்துக்கொள்.

தங்கம் பற்றி: பவுன் 80,000-ஐத் தாண்டிய பிறகு எல்லோருக்கும் அதன் மேல் ஆசை வந்திருக்கிறது. 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலர் வரை போன தங்கம், 2015 கடைசியில் 1,050 வரை இறங்கியது. அந்தப் பழைய விலைக்கு 2020-ல்தான் திரும்பியது. பத்தில் ஒரு பங்கு வைத்துக்கொள், போதும். உன்னிடம் இருக்கும் நகையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

மாப்பிள்ளை ஆப்ஷன் வர்த்தகம் கற்றுக்கொள்கிறார் என்று ஒரு வரி சொன்னாய். அதை நிறுத்தச் சொல் என்று உரிமையோடு கேட்கிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து செபி வெளியிட்ட அறிக்கையின்படி, எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு குடும்பத்தின் நிம்மதியை வைத்து இறங்க வேண்டிய இடம் இல்லை அது.

கடைசியாக, வீடு கட்ட நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டுக்கடன். 40 லட்சம், இருபது வருஷம், எட்டு சதவீதம் என்றால் தவணை 33,458 ரூபாய். இன்று வங்கி சொல்வது இன்றைய ரெப்போவை ஒட்டிய வட்டி. 2022 மே மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5-க்கு ஏறியது, மறந்துவிடாதே. பத்து சதவீதம் ஆனால் தவணை 38,601. ஒரு சம்பளம் நின்று, தவணை ஐயாயிரம் ஏறியும் உங்களால் கட்ட முடியுமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் கடனைக் குறை, வீட்டைச் சின்னதாகக் கட்டு, அல்லது இரண்டு வருஷம் தள்ளிப்போடு. யார் என்ன சொன்னாலும் அதில் அவமானம் ஏதும் இல்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை. காலையில் ரிசர்வ் வங்கி ஆளுநர் பேசுவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டு உட்காராமல் பூஜையை முடித்துவிட்டு, மூன்று பேரும் இங்கே கிளம்பி வாருங்கள். வரும்போது ஃபண்டு ஸ்டேட்மென்டுகளையும் மாப்பிள்ளையின் பி.எஃப். கணக்கு விவரத்தையும் எடுத்து வா. அதற்கு முன்னால், நாளை திங்கட்கிழமை, ஸ்மால்கேப் ஃபண்டை விற்கும் விண்ணப்பத்தை மதியத்துக்குள் போட்டுவிடு.

அன்புடன்,
உன் அத்தை