இரட்டைப் பிறவியும் காக்கை வலிப்பும்

வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்ப்புறங்களிற் பெண் கேட்கச் செல்வோர், அக்குடும்பத்தில் எவர்க்கேனும் காக்கை வலிப்பு உண்டோ என்று மறைவாக உசாவுதல் உண்டு. இரட்டைப் பெண்களுள் ஒருத்திக்கு அந்நோய் இருப்பின், நோயற்ற மற்றவளையும் ஐயுறுவர். இவ்வச்சம் எவ்வளவு மெய்யென்பதை ஈண்டு ஆராய்வோம்.

வலிப்பு மூளையின் நோய். மூளை நரம்பணுக்களின் மின்னியக்கம் திடீரென நெறிகெடுதலால் அது தோன்றுகின்றது. பேயின் செயலுமன்று, தொற்று நோயுமன்று.

இரட்டையர் இருவகையினர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்போர் ஒரு வகை. இரு கருக்களாகத் தோன்றி உடன் பிறப்போர் மற்றொரு வகை. பின்னவர் மரபுக்கூற்றளவில் ஏனை உடன்பிறந்தாரைப் போல்வரே. இரு வகையாரும் ஒரே கருப்பையில் வளர்ந்து ஒரே இல்லத்தில் உண்கின்றனர். ஆதலின் ஒரு நோய் முன்னவரிடத்தே மிகுதியாக ஒத்துக் காணப்படின், அதற்குப் பெரும்பாலும் பரம்பரையே காரணமாம். இரட்டையரை இவ்வாராய்ச்சிக்குக் கருவியாக்கலாமென 1875இல் எடுத்துக்காட்டியவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

ஆஸ்திரேலியாவில் பெர்க்கோவிக் முதலியோர் 253 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1998இல் முடிவு வெளியிட்டனர். ஒருவர்க்கு வலிப்பு நோயிருப்பின் மற்றவர்க்கும் இருத்தல், ஒருகரு இரட்டையருள் நூற்றுக்கு 62. இருகரு இரட்டையருள் நூற்றுக்கு 18. பிற ஆராய்ச்சிகளில் எண்கள் வேறுபடினும் அவை காட்டும் திசை ஒன்றே.

இதனாற் பரம்பரைக்குப் பங்குண்டென்பது தெளிவு. ஆயினும், மரபுக்கூறு முழுதும் ஒத்த இரட்டையருள்ளும் நூற்றுக்கு 38 பேர் அந்நோய் இலராயினர் என்பதை மறத்தலாகாது. பரம்பரை தருவது இயல்பேயன்றி விதியன்று. அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரத்துக் கணக்கின்படி, நாற்பது வயதிற்குள் இந்நோய் காண்போர் பொதுமக்களுள் நூற்றுக்கு ஒருவர்க்குச் சிறிது மிகுதி. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருள் ஐவர்க்கும் குறைவே.

இரட்டையராய்ப் பிறத்தல் தானே இந்நோயின் வித்தன்று. ஆனால் இரட்டைக் குழந்தைகள் பலர் குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறப்பர். பிறக்குங்கால் மூச்சுத் திணறி மூளை ஊறுபடின் பின்னர் வலிப்பு வரலாம். ஆகவே இரட்டைக் கரு தாங்கிய தாய் மருத்துவமனையிற் பிள்ளை பெறுதலே தக்கது. தலைக்காயம், மூளைக் காய்ச்சல், நாடாப்புழு முட்டையால் மூளையில் உண்டாகும் கட்டி ஆகியவையும் காரணங்களாம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தால், வலிப்போடு கூடிய சில அரிய பரம்பரை நோய்கள் வெளிப்படுதல் கூடும். அத்தகைய குடும்பத்தார் மணத்திற்கு முன் மருத்துவரை உசாவுதல் நன்று.

மருந்தை முறையாக உண்போருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழக்கூடுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இந்து விவாகச் சட்டத்தில் மணத்திற்குத் தடையாக 1976இல் நுழைந்த வலிப்பு என்னும் சொல்லும் 1999இல் நீக்கப்பட்டது.

சட்டம் நீக்கிய தடையை நம் உள்ளமும் நீக்குதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்காள்! வலிப்புற்று வீழ்ந்தவர் கையில் இரும்பு திணியாது, வாயில் நீர் வாராது, அவரை ஒருக்களித்துக் கிடத்துங்கள். ஐந்து நிமிடத்தில் வலிப்பு நில்லாதாயின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவருடன் பிறந்தாளைப் பெண் கேட்க வருவோர்க்கு இவ்வெண்களை எடுத்துரையுங்கள். நீங்கள் கற்ற கல்வி அவ்வீட்டிற்குச் செய்யும் உதவி அதுவேயாகும்.