குறையைக் கூறும் முறை

தாமல் ஏரியின் மதகில் நீர் கசியுமாயின், கண்டவர் அறிவிப்பதும் ஊரார் கூடிச் செப்பனிடுவதும் குடிமராமத்து மரபாகும். கணிப்பொறியின் இயங்குதளத்திலும் இம்மரபு உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளம், பல நாட்டுத் தொண்டர்கள் 1993 முதல் வளர்த்துவரும் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

ஆயினும், அறிவிக்கப்படாத குறை எளிதில் நீங்காது. "தமிழ் எழுத்துச் சரியில்லை" என்று மட்டும் எழுதுவதாற் பயனில்லை. நாம் குறிக்க வேண்டியவை நான்கு: பதிப்பு எண், வரிசையாகச் செய்த செயல்கள், எதிர்பார்த்த பயன், உண்மையில் விளைந்தது. ஓர் அறிக்கையில் ஒரு குறையே இருத்தல் வேண்டும். திருத்துவோர் அக்குறையைத் தம் பொறியிலும் தோற்றுவித்துக் கண்டாலன்றிக் காரணம் எளிதிற் புலப்படாது.

டெபியனில் புதிய மாற்றம் பொதுவாக முதலில் 'நிலைபெறாத' பிரிவிலும், பின்னர்ச் 'சோதனை'ப் பிரிவிலும் ஆராயப்பட்டே 'நிலையான' பதிப்பை அடைகிறது. புதுக்கரையில் ஒரேயடியாக நீரைத் தேக்குவார் உண்டோ? வரிக் கணக்கும் மக்கள் மனுக்களும் உள்ள பஞ்சாயத்துக் கணிப்பொறிக்கு நிலையான பதிப்பே ஏற்றது. புதுப்பிக்குமுன் கணக்குகளுக்கு நகல் எடுத்தல் இன்றியமையாதது. குறை கண்ட அன்றே உறுப்பினர்கள் அதனை முறையாக எழுதி அனுப்புவார்களாக. அதன் பயன் நம் ஊரோடு நில்லாது, எல்லா ஊர்க்கும் சேரும்.