வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி

அன்புள்ள அபி,

நேற்று போனில் நீ பேசியதில் பாதி கோபம், மீதி அழுகை. கோபம் நியாயம்தான். கீழறையில் தங்கிய நாலு பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு ராத்திரி ஊதித் தள்ளியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அதே அறைக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வருகிறது. நீயோ பத்தாயிரம் ரூபாய் அபராதம் கேட்டு அவர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பப் போகிறேன் என்கிறாய். இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதே. பணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அறையைக் கவனி. அதற்கும் முன்னால், எதையும் நகர்த்தாமல் போட்டோ எடுத்துக்கொள்.

ரூம் ஸ்பிரே அடிப்பதும் சாம்பிராணி போடுவதும் நம் விடுதிக்காரர்களின் பழைய வழக்கம். சாம்பிராணியும் புகைதானே? சிகரெட் வாடை அதற்கடியில் அப்படியே கிடக்கும். உள்ளே வருகிறவருக்கு இரண்டும் சேர்ந்து அடிக்கும். எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். உன் மூக்கையும் நம்பாதே. ஒரே வாடையில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்குக்குப் பழகிப்போகும். பால் ஊற்ற வருகிறவரையோ எதிர்வீட்டு அக்காவையோ கூப்பிட்டு, கதவைத் திறந்த உடனே என்ன வாடை வருகிறது என்று கேள்.

காற்றில் மிதக்கிற புகை ஜன்னலைத் திறந்தால் போய்விடும். போகாதது சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொண்ட நிகோடினும் தாரும். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு படிகிற மாதிரி படிந்து, பிறகு நாள்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றில் கலந்துகொண்டிருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் இதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். இப்படிப் படிந்த நிகோடின், வீட்டுக் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமின்களாக மாறுவதை 2010-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் காட்டினார்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பு எரிந்தாலே அந்த அமிலம் வீட்டுக்குள் வந்துவிடும். மறுவருடம் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காலி செய்து இரண்டு மாதம் ஆன வீடுகள். அடுத்தவருக்காகச் சுத்தம் செய்யப்பட்டவை. அங்கேயும் தூசியிலும் சுவரிலும் நிகோடின் இருந்தது. புதிதாகக் குடிவந்த, புகைக்காதவர்களின் விரல்களிலும் இருந்தது.

உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே வருஷக்கணக்கில் புகைத்திருக்கிறார்கள். உன் அறையில் இரண்டு ராத்திரிதான். தீர்த்துவிடலாம். ஆனாலும் தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில்தான் வைக்கும். அந்தக் குடும்பத்தை மேலறைக்கு மாற்றிவிடு. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடு, நல்லபடியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

துணிகளை முதலில் வெளியே எடு. திரைச்சீலை, மெத்தை விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைக்கப் போகட்டும். கொடைக்கானல் வீட்டுக்குக் கம்பளிதான் பெரிய வினை. கம்பளி மாதிரி வாடையைப் பிடித்துவைக்கிற துணி வேறில்லை. வெயில் வந்தால் வெளியே போடு. பனிமூட்டத்தில் ஈரத்தோடு மடித்துவைத்தால் புகை வாடையோடு பூஞ்சை வாடையும் சேரும், அதற்குப் பேசாமல் டிரை வாஷுக்குக் கொடுத்துவிடலாம். மெத்தை மேல் சமையல் சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடு.

பிறகு மேலிருந்து கீழாக வா. மரக்கூரை, சுவர், கதவு, தரை என்ற வரிசையில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடை. அதற்கப்புறம் வினிகர் கலந்த தண்ணீரால் ஒருமுறை. நிகோடின் காரத் தன்மை உள்ளது, புளிப்புக்கு இளகிவரும். தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் ஒரு சுவரின் பிசுக்கை இன்னொரு சுவருக்குப் பூசிக்கொண்டிருப்பாய். பல்பை மறந்துவிடாதே, அது சூடானால் மேலே படிந்த வாடை கிளம்பும். வினிகர் தொட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வேலைக்கு வரும் அக்காவிடம் இதை நீயே வாயால் சொல்லு.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் கழித்தும் சுவரில் வாடை வந்தால்தான் பெயின்டைப் பற்றி யோசி. அப்போதும் எடுத்த எடுப்பில் எமல்ஷன் அடிக்காதே, மஞ்சள் கறை அதை மீறி வெளியே கசியும். ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து அடைத்துவிட்டு, அதன் மேல் அடி. ஆன்லைனில் விற்கும் ஓசோன் இயந்திரத்தையும் வாங்க வேண்டாம். ஓசோன் நிகோடினோடு வினைபுரிந்து, மூச்சில் ஆழப் போகக்கூடிய நுண்துகள்களை உண்டாக்கும். ஓசோனே நுரையீரலுக்கு ஆகாது.

என் புதுச்சேரி வீட்டுக்கு ஏசிதான் வில்லன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ஏசி புகையை இழுத்து வெளியே தள்ளிவிடும் என்று நம்பி ஊதுகிறவர்கள் உண்டு. அந்தப் புகை காயிலில் படிந்து, அடுத்தவர் ஏசி போடும்போதெல்லாம் வெளியே வரும். உனக்கு அந்தத் தொல்லையாவது இல்லை.

இனி முக்கியமான விஷயம். நீ ஒட்டியிருக்கும் பலகையில் இங்கே புகைக்கக் கூடாது என்று இருக்கிறது. எங்கே புகைக்கலாம் என்று எங்காவது இருக்கிறதா? சிகரெட் பழக்கம் உள்ளவர் மலையேறி வந்துவிட்டார். பத்து டிகிரிக்குக் கீழே போகிற டிசம்பர் ராத்திரி, வெளியே தூறல், முன்பக்கம் இருட்டு. அவர் எங்கே போவார்? பாத்ரூமுக்குள் போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவார்; அல்லது ஜன்னலை ஒரு விரல் திறந்துவைத்து, புகையெல்லாம் வெளியே போகிறது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வார். உள்ளே புகைக்கிற எல்லாரும் உன்னை மதிக்காதவர்கள் என்று நினைக்காதே. அப்படி ஒரு சிலர் இருப்பார்கள், அவர்களுக்கு எந்தப் பலகையும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு இடம்தான் இல்லை.

சிலருக்கு வெளியே இடம் இருந்தும் போக முடியாது. அப்பாவோடு சுற்றுலா வந்த முப்பது வயதுப் பையன் அவர் கண்முன் பிடிக்க மாட்டான். அவனுக்குப் பாத்ரூம்தான் கதி. பெண்கள் இன்னும் பாவம். முன்வாசலில் நின்று ஒரு பெண் சிகரெட் பற்றவைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அடுத்த வீட்டுக்காரர் உன் அப்பாவைக் கூப்பிட்டு வீட்டை யாருக்கு விடுகிறீர்கள் என்று விசாரிப்பார். அவள் கதவைச் சாத்திக்கொள்ளாமல் என்ன செய்வாள்? புகைப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அதைத் திருத்துவது உன் வேலையும் இல்லை. உன் கம்பளியைக் காப்பாற்றுவதுதான் உன் வேலை.

ஆகவே பின்பக்கம் பேரிக்காய் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தகரக் கூரை போடு. ஹாலிலிருந்தும் தெருவிலிருந்தும் தெரியாத இடம் அது. படுக்கையறை ஜன்னலுக்கு நேர்கீழே வேண்டாம், புகை ஏறி உள்ளேயே வரும். கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் மூலைக்குப் பக்கத்திலும் வேண்டாம். இரண்டு நாற்காலி, ராத்திரி முழுக்க எரிகிற ஒரு விளக்கு, மணல் நிரப்பிய இரும்பு வாளி. ஆஷ்ட்ரே காற்றுக்குக் கவிழும். மணல் வாளி கவிழாது. மணல் இல்லாவிட்டால் துண்டுகள் செடியோரம்தான் போகும். ஃபில்டர் என்பது பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக், லேசில் மக்காது. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை மலையில் புல்லும் பைன் சருகும் காய்ந்து கிடக்கும் காலத்தில் அணையாத ஒரு துண்டு என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தீ என்றதும் ஒன்று. குடித்துவிட்டுப் படுக்கையில் புகைப்பதுதான் மிக மோசம். மெத்தைக்குள் விழுந்த கங்கு சுடரே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஃபோம் எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஒவ்வொரு அறைக்கும் ஸ்மோக் அலாரம் வாங்கு. கனல் புகையை ஒளியால் கண்டுபிடிக்கிற ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையாக இருக்கட்டும். ஒரு சிகரெட்டுக்கு அது கத்தும் என்று எதிர்பார்க்காதே. அதன் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிட்டுப் புகைக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். ஒவ்வொரு விருந்தினரும் போனபிறகு அண்ணாந்து ஒரு பார்வை பார். பார்பிக்யூ அடுப்பை எக்காரணத்துக்கும் அறைக்குள் விடாதே. அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கி, எழுந்திருக்காமல் போனவர்கள் கொடைக்கானலிலேயே இருக்கிறார்கள்.

இடம் தயாரானதும், விருந்தினர் கிளம்பும் முன்பே சொல்லிவிடு. வந்து பெட்டியை இறக்கியபின் சொல்வது கண்டிப்பது போலக் கேட்கும், முன்பே சொன்னால் அது வெறும் தகவல். இப்படி எழுது: “அறைக்குள்ளும் பாத்ரூமிலும் புகைக்க வேண்டாம். பின்பக்கம் கூரை போட்ட தனி இடம் இருக்கிறது, விளக்கு எரியும், மழை படாது. உள்ளே புகைத்தால் துணி வெளுக்கும் செலவையும், அறையைக் காலியாக விட வேண்டி வந்தால் அந்த வாடகையையும் கேட்க நேரும்.” அவர் சரி என்று பதில் போடும்வரை விடாதே, அந்தப் பதில் பின்னால் உதவும்.

ராத்திரி பத்து மணிக்கு வாடை வந்தால்? நீங்கள் புகைக்கிறீர்களா என்று கேட்காதே. இல்லை என்பார், சொன்ன பொய்யைக் காப்பாற்றவே பிறகு சண்டை போடுவார். “சார், பின்னாடி இடம் போட்டிருக்கோம், வாங்க காட்டறேன்” என்று சொல். பெரும்பாலும் எழுந்து வந்துவிடுவார்கள். குடித்திருப்பதாகத் தெரிந்தால் தனியாகப் போகாதே, வாட்ச்மேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ. கஞ்சா வாடை என்றால் மட்டும் இந்தத் தன்மையெல்லாம் வேண்டாம். தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரரையும் தண்டிக்க 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் 25-வது பிரிவு இருக்கிறது. போலீஸுக்குச் சொல்லிவிடு. வேப் பிடிக்கிறவர்கள் அது சிகரெட் இல்லையே என்பார்கள். 2019-லிருந்து இந்தியாவில் அதை விற்பதே குற்றம். அதற்கும் அதே பின்பக்கம்தான்.

இப்போது உன் பத்தாயிரத்துக்கு வருகிறேன். சட்டத்தைக் காட்டி மிரட்டலாம் என்றால் அதில் அதிகம் இல்லை. 2003-ஆம் வருடப் புகையிலைச் சட்டப்படி பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரைதான், அதுவும் அரசாங்கத்துக்கு. அதன்கீழ் 2008 அக்டோபர் 2 முதல் வந்த விதிகள், 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளுக்குத்தான் புகைக்கத் தனி அறை ஒதுக்க இடம் கொடுக்கின்றன. மூன்று அறை வைத்திருக்கும் உனக்கு அந்த யோசனையே வேண்டாம். நீயாக ஒரு பெரிய தொகையை விதியில் எழுதிவைத்தாலும் அது முழுதாகக் கைக்கு வராது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதிய தொகை எவ்வளவானாலும், அதற்கு மிஞ்சாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். டிரை வாஷ் பில், அக்காவுக்குக் கூடுதலாகக் கொடுத்த கூலி, அறை காலியாகக் கிடந்த இரவுகளின் வாடகை, இவற்றைக் கூட்டு. வருவதை மட்டும் கேள், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம்.

கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். வாடையைப் போட்டோ எடுக்க முடியாது. ஜன்னல் தண்டவாளத்தில் சாம்பல், காபிக் கோப்பையில் துண்டு, பாத்ரூம் மக்கின் விளிம்பில் கருகிய வடு, கெய்சர் மேல் தீக்குச்சி, இவற்றைத் தேதியோடு எடுத்துவை. ஏர்பிஎன்பி வழியாக வந்தவர்கள் என்றால், அவர்கள் கிளம்பிய 14 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். புகை வாடையை நீக்கும் கூடுதல் துப்புரவுச் செலவும் அந்த நிறுவனத்தின் சேதப் பாதுகாப்பில் அடங்கும். உள்ளே கேமரா வைக்கலாமா என்று கேட்டாயே, கூடாது. 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பிக்காரர்கள் வீட்டுக்குள் கேமராவை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். தடை செய்யாவிட்டாலும் அடுத்தவர் படுக்கையை எட்டிப் பார்ப்பது ஒரு பிழைப்பா?

துண்டோ சாம்பலோ ஒன்றும் கிடைக்காமல் வாடை மட்டும் என்றால், பணத்தை விட்டுவிடு. கேட்டு, மறுத்து, வாதாடி, அவர்கள் உன் வீட்டைப் பற்றி ஒற்றை நட்சத்திரம் போட்டு, நீ பதில் எழுதி, எல்லாம் டிரை வாஷ் பில்லை விட அதிகம் பிடுங்கும். நீ எழுதும் ரிவ்யூவில் அவர்கள் குணத்தை எழுதாதே. “அறைக்குள் புகைத்திருந்தார்கள். முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தோம்.” இரண்டு வரி போதும், அடுத்த வீட்டுக்காரருக்கு வேண்டியது அதுதான். இந்த முறை முன்கூட்டி எதுவும் தெரிவிக்கவில்லை என்பதால் முதல் வரியோடு நிறுத்திக்கொள்.

தகரம் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது ஆயில் பிரைமர் ஒரு லிட்டரும் சேர்த்து வாங்கிக்கொள், மேலே விலை கூடச் சொல்கிறார்கள். அண்ணாவையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை