கையில் இருக்கும் ரகசியக் குழு

கேள்வி: பலருக்கும் தெரியாத ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவைக் கண்டுபிடித்திருக்கிறேன். நண்பர்களிடம் சொன்னால் அதன் அருமை போய்விடுமோ?

பதில்: போகாது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் உருவான ஸ்லின்ட் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் அவர்களின் ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பம் வெளிவந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது. மேடையேறி அதை வாசித்துக்காட்ட ஆளில்லை. ஆறே பாடல்கள். முணுமுணுப்பாகத் தொடங்கித் திடீரென அலறலாக வெடிக்கும் அந்த ஆல்பம், கைமாறிக் கைமாறித்தான் பிழைத்தது. இசைப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி ‘மெலடி மேக்கர்’ இசை இதழில் அதை வானளாவப் புகழ்ந்தார் என்பது உண்மைதான். ஆனால் விமர்சனம் அடுத்த வாரமே பழைய தாள். கேட்டவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான், பின்னாளில் போஸ்ட்-ராக் இசையின் முன்னோடிகளில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. 2005இல் ஸ்லின்ட் மீண்டும் மேடையேறவும் முடிந்தது.

கூட்டம் சேர்ந்தால் இசை நீர்த்துப்போகும் என்பார்கள். பதிவாகிவிட்ட பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறுவதில்லை. குறைவது, நமக்கு மட்டுமே தெரியும் என்கிற கர்வம்தான் (அதிலும் ஒரு சுகம் உண்டு, மறுப்பதற்கில்லை). நண்பர்களுக்குப் பிடிக்காவிட்டால்? பிடிக்காமலும் போகலாம், அதனால் குழுவுக்கு ஒரு நட்டமும் இல்லை. முழு ஆல்பத்தையும் அவர்கள் தலையில் கட்டாமல், ஒரே ஒரு பாட்டை, விளக்கவுரை ஏதுமின்றி, இன்றைக்கே அனுப்பிவையுங்கள்.