ஒல்லியாக இருந்தால் சுகர் வராதா?

ராயகிரி

அன்புள்ள மாரிச்செல்வம்,

அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சுகர் இருந்தாலும் நீ ஒல்லி என்பதால் தப்பித்துவிடுவாய் என்று ஊரில் சொல்கிறார்களாம். சரியா என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. இதை நம்பித்தான் பலர் வருஷக்கணக்கில் ரத்தம் கொடுத்துப் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். எடை கூடினால்தான் சர்க்கரை என்பது ஐரோப்பிய உடம்பை வைத்துப் போட்ட கணக்கு. எஃப்.டி.ஓ. மரபணுவை எடுத்துக்கொள். 2007இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகளின் மரபணுக்களைத் துருவியபோது அகப்பட்டது அது. அதன் ஒரு வகையைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். எடை வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்ததும் சர்க்கரையோடு இருந்த தொடர்பு காணாமல் போனது. ஆக, அங்கே அது உடம்பைப் பெருக்கவைத்துத்தான் சர்க்கரைக்கு வழிவிடுகிறது. 2009இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர் புனே, மைசூர் மக்களிடம் அதையே சோதித்தார்கள். எடையைக் கழித்த பிறகும் தொடர்பு முழுதாகப் போகவில்லை!

எடைமெஷின் காட்டாத கொழுப்புதான் காரணம் என்பது என் கட்சி. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இதே யாஜ்னிக் எழுதிய ஒற்றைப் பக்கம் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. லண்டன் மருத்துவர் யுட்கினும் அவரும் அருகருகே நிற்கும் படம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பச்சைக் குழந்தைகளிடமும் இதே கதைதான். புனேயில் பிறப்பு எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தைக்குத் தசை குறைவு. முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் ஏறக்குறைய அதே அளவு.

பிறவியிலேயே இப்படியென்றால் வாயைக் கட்டி என்ன பயன் என்று கேட்பாய். பிறவியில் வருவதெல்லாம் மரபணு அல்ல; கர்ப்பத்தில் தாய்க்குக் கிடைத்த சாப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. பிமா இனத்தவரைப் பார். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்பவர்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. மெக்சிகோ மலைக் கிராமத்தில் உடலுழைப்போடு வாழும் அதே இனத்தவரில் 6.9 சதவீதம்தான் என்று 2006இல் கண்டார்கள். எஃப்.டி.ஓ. கூட உடலுழைப்புக்கு ஓரளவு பணிகிறது: இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், உழைப்பவர்களிடம் அது உண்டாக்கும் பருமன் ஆபத்து 27 சதவீதம் குறைந்திருந்தது. எச்சிலை வாங்கிக்கொண்டு மரபணு ஜாதகம் கணித்துத் தரும் கம்பெனிகளிடம் காசைக் கொட்டாதே. அப்பா, தாத்தாவின் நோயே உனக்குப் போதுமான தகவல். டேப்பை எடுத்துக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அள. ஆணுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார்.