வற்றிய உடம்பு, தொங்கும் தோல்

கேள்வி: எனக்கு வயது 42. தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் ஆயாவாக இருந்தபோது 92 கிலோ இருந்தேன். சீனி வியாதி என்று கிளினிக்கில் சொன்ன பிறகு ரொட்டியைக் குறைத்தேன், தேத்தண்ணீரில் சீனியை விட்டேன், மறுபடியும் கொழுந்து மலைக்குப் போனேன். இரண்டு வருடத்தில் 60 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. படங்குக் கயிறு அதன்மேல்தான் இறுகுகிறது. மழை நாளில் மடிப்புக்குள் சிவந்து அரிக்கிறது, நாறுகிறது. மேல்கையும் தொளதொளவென்று ஆடுகிறது. லயத்தில் “ஏதோ சீக்கு வந்திருச்சு” என்கிறார்கள். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 6,500 ரூபாய்க்கு வாங்கிய கிறீமும் பலன் தரவில்லை. மெலிந்ததுதான் தப்போ? ஆபரேஷன் செய்ய வேண்டுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: மெலிந்தது தப்பே இல்லை. 32 கிலோ இறங்கியதால் உங்கள் முழங்காலுக்கும் இதயத்துக்கும் சீனிக் கட்டுப்பாட்டுக்கும் கிடைத்த நன்மை பெரிது. தோலை நிரப்ப மறுபடி உடம்பை ஏற்றிவிடாதீர்கள்.

தோலை இழுத்துப் பிடிப்பவை கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள். பல வருடம் உடுத்திய பாவாடையின் இலாஸ்டிக் போல, வெகுகாலம் விரிந்தே இருந்த தோலில் இவை தளர்ந்துவிடும். வயதும் பிள்ளைப்பேறும் இதைக் கூட்டும். இந்த நார்கள் தோலின் உள்ளடுக்கில் இருக்கின்றன. பூசும் கிறீம் மேலடுக்கை மிருதுவாக்கும். தொங்கும் மடிப்பைச் சுருக்காது. எடை நிலைத்தபின் ஓரிரு வருடம் தோல் தானாகக் கொஞ்சம் சுருங்கலாம். மிச்சம் அப்படியே நிற்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது அரிப்பு. ஈரமும் உராய்வும் சேரும் மடிப்பில் பங்கஸ் வளரும். சீனி கூடினால் திரும்பத் திரும்ப வரும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். பவுடரை அள்ளிப் போடாதீர்கள். அது நனைந்து கட்டியாகித் தோலை உரசும். மலைக்குப் போகும்போது மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வைத்து, அகலமான பருத்திப் பட்டியால் வயிற்றைத் தாங்கி, அதன்மேல் படங்கைக் கட்டுங்கள். மாற்றுத் துணி ஒன்றைப் பொலித்தீன் பையில் கொண்டுபோய், நனைந்ததும் மாற்றுங்கள். குளோட்ரிமசோல் போன்ற பங்கஸ் களிம்பு பெரும்பாலும் கேட்கும். டிஸ்பென்சரியில் காட்டியே பூசுங்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்தது தசை. மலை ஏறுவதால் உங்கள் கால்களுக்கு வேலை உண்டு. மேல்கையின் பின்பக்கத்துக்கு இல்லை. லயத்துச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளுங்கள்: பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். தோல் போகாது, ஆனால் உள்ளே தசை வந்தால் தொளதொளப்பு குறையும். ரொட்டியும் சம்பலும் மட்டும் தசைக்குப் போதாது. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, கடலை, சோயா, நெத்தலி எல்லாம் உதவும்.

தொங்கும் தோலை அகற்றுவது சத்திரசிகிச்சை ஒன்றுதான். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நிரந்தரத் தழும்பு விழும். கிருமித்தொற்று, நீர் கட்டுதல், இரத்தக்கட்டி ஆகிய ஆபத்துகளும் உண்டு. சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அதாவது அத்தனை நாள் பெயர் விழாது, கூலியும் இல்லை. அதையும் கணக்கில் எடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும், சீனி கட்டுப்பட வேண்டும், இரத்தசோகை இருக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

அழகுக்காக மட்டும் கேட்பதைவிட, ஆறாத புண் இருந்தால் உங்கள் கோரிக்கைக்கு வலு கூடும். ஆகவே ஒவ்வொரு முறை புண் வரும்போதும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

ஒன்று மட்டும்: இனி முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் உடனே சோதிக்க வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை மட்டும் நீட்டிவிட்டு வராதீர்கள். வெட்கப்படாமல் மடிப்பையும் காட்டுங்கள்.