தறியில் இருவர், ஏட்டில் ஒருவர்

சேலை ஒன்று தறியிலிருந்து இறங்குவதற்கு எத்தனை கைகள் உழைக்கின்றன என்பதை நெசவாளர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூல் சுற்றுதல், தார் சுற்றுதல், பாவுக்குக் கஞ்சியிடுதல், இழை பிணைத்தல் ஆகிய இவையெல்லாம் முடிந்த பின்னரே நாடா ஓடுகிறது. இவற்றுள் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் உழைப்பாகும். பத்தமடையிலோ, கோரையைக் கீறுவதும் பாய் நெய்வதும் பெரிதும் பெண்களின் கைத்திறனே. 2019-20 ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். நெசவாளருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். கணவரை இழந்த அம்மையார் ஒருவர் வந்தார். இருபது ஆண்டுகளாகக் கணவரோடு மாறி மாறி அதே தறியில் நெய்தவர். கணவரின் பங்குத்தொகை வாரிசு என்ற முறையில் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் அங்கத்தினர் அல்லர். அவர் உழைத்த ஆண்டுகளுக்கு அவர் பெயரில் சேமிப்பும் இல்லை. "ஐயா, நான் நெய்ததெல்லாம் எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். அந்தக் கூலிப் பேரேட்டில் மூன்றாண்டுகள் கையொப்பமிட்டவன் நான். கூட்டல் கழித்தலைச் சரிபார்த்தேனேயன்றி, நெய்தவர் யாரென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"பணம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது, யார் பெயரில் இருந்தால் என்ன?" என்பார் உளர். பெயர் இருந்தால்தான் வாக்குண்டு, கடனுண்டு, பங்கு ஈவுண்டு, முதுமைக்குப் பாதுகாப்புண்டு. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை நம் அரசியலமைப்பின் 39 ஆம் பிரிவு நெறியாக வகுத்தது. 1976 இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2019 ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அக்கொள்கை இடம் பெற்றுள்ளது. ஆனால் பேரேட்டில் பெயரே இல்லாதவரின் கூலியை எதனோடு ஒப்பிடுவது?

கூட்டுறவின் வரலாறு இதற்கு வழிகாட்டுகிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 இல் முன்னோடிச் சங்கத்தை அமைத்தவருள் நெசவாளரும் இருந்தனர். 1846 இல் எலிசா பிரையர்லி என்னும் பெண்மணி அங்கத்தினராகச் சேர்க்கப்பட்டார். மணமான பெண்ணின் ஊதியம் கணவனுக்கே உரியது என்று அந்நாட்டுச் சட்டம் கூறிய காலம் அது. 1870 இல்தான் அச்சட்டம் திருந்தத் தொடங்கியது. அதற்கு முன்னரே, ஆடவர் அமைத்த சங்கம் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது.

பயிர்த்தொழிலிலும் நிலைமை வேறன்று. அம்பாசமுத்திரம் வட்டார வயல்களில் நாற்று நடுபவரும் களை எடுப்பவரும் பெண்களே. பட்டா ஆடவர் பெயரில் இருந்தால் பயிர்க்கடனும் அவர் பெயரிலேயே அமைகிறது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளிக்கத் தமிழ்நாடு 1989 இலேயே வழி செய்தது. 2005 இல் நாடு முழுமைக்கும் அது சட்டமாயிற்று.

மேற்கூறிய சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "என் தறியில் இருவர் நெய்கிறோம்; என் மனைவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சிலர் நகைத்தனர். தலைவர் நகைக்கவில்லை, விண்ணப்பத்தை வாங்கி உரக்கப் படித்தார். பங்குத்தொகையைக் கூலியில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் யோசனை கூறினார். அன்று ஐந்து பெண்கள் அங்கத்தினராயினர். அவ்வம்மையாரும் அவருள் ஒருவர்.

ஆகவே, சங்கத்தார் செய்யத்தக்கவை இவை:

1. ஒவ்வொரு தறியிலும் நெய்பவர் அனைவரின் பெயரையும் கேட்டு எழுதுக.

2. தகுதியுள்ள பெண்களின் விண்ணப்பத்தை, குடும்பத்தில் ஒருவர் முன்னரே உள்ளார் என்ற காரணம் மட்டும் காட்டித் தள்ளாது, துணை விதிகளைப் பார்த்து முடிவு செய்க.

3. நெய்தவர் கையிலேயே கூலியைக் கொடுத்து, அவரிடமே கையொப்பம் பெறுக.

4. பொதுக்கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்க. அவர்கள் பேசுகையில் குறுக்கிடாதிருக்க.

இவற்றுள் எதற்கும் புதிய நிதி வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க ஓர் அங்கத்தினர் இருந்தால் போதும்.